கிளியோபிளாஸ்டோமா: எந்த மூலக்கூறுச் சோதனைக்குப் பணம் கட்டுவது?

ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ மூளை அறுவைச் சிகிச்சை முடித்து எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டுக்குத் திரும்பும் குடும்பத்துக்குச் சில நாள்களில் திசு அறிக்கை வந்து சேரும். அதில் கிளியோபிளாஸ்டோமா என்றோ உயர்தரக் கிளியோமா என்றோ எழுதியிருக்கும். இரண்டுமே வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டியின் பெயர்கள். அதன் கீழே மேலும் சில மூலக்கூறுச் சோதனைகள், அதாவது கட்டியின் மரபணுவையும் புரதத்தையும் ஆராயும் சோதனைகள், செய்து பார்க்கலாம் என்ற குறிப்பும் இருக்கும். வீட்டில் விவாதத்தைக் கிளப்புவது அந்தக் குறிப்புத்தான். ஒரு சோதனை மருத்துவமனை ஆய்வகத்திலேயே முடிந்துவிடும். இன்னொன்றுக்குத் திசுவை வேறு ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். மற்றொன்று வெளிநாட்டுக்கே போகும். மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளத்தில் செம்பனைக் குலை வெட்டும் ஒருவருக்கு, அந்தக் கடைசிச் சோதனையின் கட்டணம் பல மாத உழைப்பு. அரசாங்க மருத்துவமனையில் 5 ரிங்கிட் கட்டி நிபுணரைப் பார்த்துப் பழகிய குடும்பம், ஆயிரக்கணக்கில் கேட்கும் ஒரு தாளைப் பார்த்துத் திகைப்பதில் வியப்பில்லை.

தோட்ட மருத்துவமனையில் மருத்துவ உதவியாளராக, ஊர் வழக்கில் சொன்னால் டிரெசராக, வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தோட்டம் துண்டாகி, லயங்கள் காலியாகி, மக்கள் டவுன் ஓரத் தாமான்களுக்கு, அதாவது வீடமைப்புப் பகுதிகளுக்கு, குடிபெயர்ந்த பிறகும், புரியாத அறிக்கையை டிரெசரிடம் காட்டும் பழக்கம் மட்டும் போகவில்லை. சிகிச்சையை முடிவு செய்பவர் மருத்துவர். அதில் எனக்கு இடமில்லை. எந்தச் சோதனையைக் கேட்பது, எதை விட்டுவிடுவது என்ற கேள்வி மட்டும் குடும்பத்தின் கையிலும் பணப்பையிலும் கொஞ்சம் இருக்கிறது என்பதால் இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன்.

எல்லாச் சோதனைகளையும் நான் ஒரே அளவுகோலால் அளக்கிறேன். இந்த முடிவு வந்தால் அடுத்துச் செய்யப் போவது எதுவும் மாறுமா? நோயாளி ஏறக்குறைய எவ்வளவு காலம் இருப்பார் என்று சொல்வது ஒரு வகைப் பயன்; எந்த மருந்து அவருக்கு வேலை செய்யும் என்று சொல்வது வேறு வகைப் பயன். முதல் வகைக்குக் கடன் வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. வயது, எழுந்து நடமாடும் திறன், அறுவையில் கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது என்ற மூன்றுமே ஆயுளைப் பற்றி நிறையச் சொல்லிவிடுகின்றன. அவற்றைத் தெரிந்துகொள்ளத் தனிக் கட்டணம் கிடையாது.

முதலில் அடிப்படைக் கணக்கு. இன்றும் உலகெங்கும் பின்பற்றப்படும் சிகிச்சை முறை 2005-இல் வெளியான, 573 நோயாளிகள் பங்கேற்ற ஐரோப்பிய, கனடிய ஆய்விலிருந்து வந்தது. ஆறு வாரம், முப்பது தடவை கதிர்வீச்சு. கூடவே தினமும் டெமோசோலமைடு என்ற புற்றுநோய் மாத்திரை. பிறகு நான்கு வாரத்துக்கு ஐந்து நாள் என்று ஆறு சுற்று மாத்திரை. கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 12.1 மாதத்தைக் கடந்தார்கள். மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களில் சரிபாதிப் பேர் 14.6 மாதத்தைக் கடந்தார்கள். வேறுபாடு இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருந்தவர்கள் முதல் பிரிவில் 10.4 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 26.5 விழுக்காடு. நடுப்புள்ளியில் சிறிதாகத் தெரிந்த இடைவெளி, வால்பகுதியில் பெரிதாகிறது. அந்த வால்பகுதியில் இருக்கப் போகிறவர்கள் யார் என்பதைத்தான் மூலக்கூறுச் சோதனைகள் தேடுகின்றன.

முதல் தேர்வு ஐடிஎச் என்ற மரபணுவைப் பார்க்கும் சோதனை. இதைச் செய்யலாமா வேண்டாமா என்று யோசிக்க இடமே இல்லை. நோயின் பெயரே இதைப் பொறுத்துத்தான் அமைகிறது. பால்மரத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். பக்கத்துப் பக்கத்து நிரையில் நிற்கும் இரண்டு மரங்கள் பட்டையிலும் உயரத்திலும் ஒன்றுபோலவே தெரியும், ஒன்று ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டு, மற்றது பழைய விதைக்கன்று என்பது தெரிந்தால்தான் வாளியில் எவ்வளவு பால் சேரும் என்று கணிக்க முடியும். நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கட்டிகளின் நிலையும் அதுதான். ஐடிஎச் மரபணுவில் திடீர்மாற்றம் உள்ள கட்டி ஒரு வகை, இல்லாத கட்டி முற்றிலும் வேறு வகை. 2009-இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், அன்று கிளியோபிளாஸ்டோமா என்றே அழைக்கப்பட்டவர்களுக்குள், மாற்றம் உள்ளவர்களின் இடைநிலை ஆயுள், அதாவது சரிபாதிப் பேர் கடந்த காலம், 31 மாதமாகவும் இல்லாதவர்களுடையது 15 மாதமாகவும் இருந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டில் இந்த இரண்டுக்கும் ஒரே பெயர் இல்லை. மாற்றம் இல்லாதது மட்டுமே கிளியோபிளாஸ்டோமா. மாற்றம் உள்ளது நான்காம் தர, அதாவது மிகக் கடுமையான தர, ஆஸ்ட்ரோசைட்டோமா.

இந்தச் சோதனையின் எளிய வடிவம், திசு ஏட்டில் சாயம் ஏற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் ஒரு சாயமேற்றல்தான். ஆர்132எச் என்ற ஒரே மாற்றத்தை மட்டும் அது கண்டுபிடிக்கும். கிளியோமாக்களில் காணப்படும் ஐடிஎச் மாற்றங்களில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு இதுவே. மிச்சமுள்ள ஒரு பங்குக்கு மரபணு வரிசையைப் படிக்க வேண்டும். அந்தக் கூடுதல் செலவு யாருக்குத் தேவை என்பதில் அந்த வகைப்பாடே ஓர் எல்லை வகுத்துத் தருகிறது. நோயாளி 55 வயதைக் கடந்தவர், திசு வடிவம் ஐயத்துக்கு இடமில்லாத கிளியோபிளாஸ்டோமா, கட்டி மூளையின் நடுக்கோட்டில் இல்லை, முன்பு தாழ்தரக் கட்டி இருந்ததில்லை, ஏடிஆர்எக்ஸ் புரதமும் சாயத்தில் இழப்பின்றித் தெரிகிறது என்றால், சாயமேற்றலில் ஐடிஎச் மாற்றம் இல்லை என்று வந்த முடிவே போதும். அறுபது வயதைத் தாண்டிய ஒருவருக்கு ஐடிஎச் வரிசை படிக்கவென்று தனியே பணம் கேட்கப்பட்டால், எதற்காக என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. நாற்பது வயதுக்காரருக்கு அதே சோதனை சொல்லப்பட்டால், கேள்வி கேட்காமல் செய்துவிடுவது நல்லது.

இரண்டாம் தேர்வாகிய எம்ஜிஎம்டி மெத்திலேற்றச் சோதனைதான் குடும்பங்களை அதிகம் குழப்புகிறது. ஆகவே இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். டெமோசோலமைடு, கட்டி உயிரணுவின் டிஎன்ஏவில் குவானின் என்ற எழுத்தின் மேல் மெத்தில் என்ற சிறு வேதிக் குழுவை ஒட்டாக வைக்கிறது. அந்த ஒட்டு நீடித்தால் அணு பிரியும்போது பிழை சேர்ந்து அணு இறந்துபோகும். எம்ஜிஎம்டி என்ற புரதம் அந்த ஒட்டைப் பிடுங்கி எறிந்து கட்டியைக் காப்பாற்றுகிறது. ஒரு புரத மூலக்கூறு ஓர் ஒட்டை எடுத்ததும் செயலிழந்துவிடுவதால், கட்டி அதைத் தொடர்ந்து உற்பத்தி செய்துகொண்டே இருக்க வேண்டும். சில கட்டிகளில், பத்தாம் குரோமோசோமில் உள்ள எம்ஜிஎம்டி மரபணுவின் தொடக்கப் பகுதியே மெத்திலேறி அடைபட்டிருக்கும். அங்கே புரதம் உற்பத்தியாகாது. மருந்து போட்ட ஒட்டு அப்படியே நிற்கும். அதனால் அறிக்கையில் மெத்திலேற்றம் உண்டு என்று வந்தால் அது நல்ல செய்தி. பாசிட்டிவ் என்ற சொல்லைக் கண்டதும் முகம் இருண்டுபோன உறவினர்களிடம் இதைத்தான் முதலில் சொல்கிறேன்.

மேலே சொன்ன 2005 ஆய்வின் நோயாளிகளில் 206 பேரின் திசுவில் இந்தச் சோதனை முடிவு கிடைத்தது. அவர்களில் 45 விழுக்காட்டினருக்கு மெத்திலேற்றம் இருந்தது. மெத்திலேற்றம் உள்ளவர்கள் கதிர்வீச்சோடு மாத்திரையும் பெற்றபோது இடைநிலை ஆயுள் 21.7 மாதம், கதிர்வீச்சு மட்டும் பெற்றபோது 15.3 மாதம். மெத்திலேற்றம் இல்லாதவர்களுக்கு இவை 12.7, 11.8 மாதங்கள். இந்த நான்கு எண்களையும் நிதானமாகப் பார்த்தால் இரண்டு உண்மைகள் புலப்படும். மாத்திரையே பெறாத பிரிவிலும் மெத்திலேற்றம் உள்ளவர்கள் அதிகக் காலம் இருந்தார்கள். ஆகவே இது ஆயுளை முன்கணிக்கும் அடையாளம். மாத்திரையின் பலனும் பெரும்பாலும் அவர்களுக்கே போய்ச் சேர்ந்தது; ஆகவே இது மருந்தின் பலனையும் முன்கணிக்கும் அடையாளம். கிளியோபிளாஸ்டோமாவில் இரண்டு வேலையையும் செய்யும் அடையாளம் வேறு எதுவும் இந்த அளவுக்கு நிலைபெறவில்லை.

இருந்தும், ஐம்பது வயதில் உடல் தெம்போடு இருக்கும் ஒருவருக்கு இந்தச் சோதனை சிகிச்சையை மாற்றுவது அரிது. மெத்திலேற்றம் இல்லை என்று வந்தாலும் மருத்துவர் மாத்திரையை நிறுத்துவதில்லை. அதைவிட மேலான மாற்று கையில் இல்லை. மெத்திலேற்றம் உள்ளவர்களுக்கு லோமுஸ்டின் என்ற மற்றொரு புற்றுநோய் மருந்தையும் டெமோசோலமைடையும் சேர்த்துக் கொடுத்த ஜெர்மானிய ஆய்வு 2019-இல் வெளியானது. இடைநிலை ஆயுள் 31.4 மாதத்திலிருந்து 48.1 மாதத்துக்கு உயர்ந்ததாக அது சொன்னது. எண் கவர்ச்சியானது. ஆனால் கணக்கில் வந்தவர்கள் 129 பேர்தான். அதனால் இந்தக் கூட்டு மருந்தை எல்லா மருத்துவர்களும் ஏற்றுக்கொள்ளவில்லை. இப்படிப்பட்ட நோயாளியின் குடும்பம் சோதனைக்கு முன்பே, முடிவு வந்தால் இந்தக் கூட்டு மருந்தைப் பரிசீலிப்பீர்களா என்று கேட்டுவிட வேண்டும். பரிசீலிப்போம் என்றால் சோதனைக்குப் பொருள் உண்டு.

முதியவர்களின் கதை நேர்மாறானது, எங்கள் ஊருக்கு இதுதான் மிக முக்கியம். பிள்ளைகள் ஷா ஆலாமுக்கும் ஜொகூருக்கும் வேலைக்குப் போய்விட, ஊரில் தங்கியிருப்பவர்களில் பலர் எழுபதைத் தொட்டவர்கள். எழுபத்திரண்டு வயதில், நடக்கத் தடுமாறும் ஒரு பாட்டியை ஆறு வாரம், வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சுக்கு அழைத்துப் போவது என்றால், ஒரு மகளோ மருமகளோ வேலையை விட வேண்டும். ஈப்போ முப்பது கிலோமீட்டர்தான் என்றாலும் காத்திருப்போடு சேர்த்து நாள் முழுவதும் போய்விடும். கோலாலம்பூருக்குப் போக நேர்ந்தால் வீடே வாடகைக்குப் பார்க்க வேண்டும். இந்த வயதினருக்கு மெத்திலேற்றச் சோதனை உண்மையிலேயே பாதையைப் பிரிக்கிறது. 2012-இல் வெளியான ஜெர்மானிய நோவா-08 ஆய்வில் 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கதிர்வீச்சு மட்டும், மாத்திரை மட்டும் என்று இரண்டு பிரிவு. மெத்திலேற்றம் உள்ளவர்கள் மாத்திரையால் மட்டும் நோய் முற்றாமல் 8.4 மாதம் இருந்தார்கள், கதிர்வீச்சால் மட்டும் 4.6 மாதம். மெத்திலேற்றம் இல்லாதவர்களுக்கு நிலை தலைகீழ்: மாத்திரைக்கு 3.3 மாதம், கதிர்வீச்சுக்கு 4.6 மாதம். அதே ஆண்டு வெளியான நார்டிக் நாடுகளின் ஆய்வும், மாத்திரை பெற்ற முதியவர்களில் மெத்திலேற்றம் உள்ளவர்களே அதிகக் காலம் வாழ்ந்ததைக் கண்டது.

2017-இல் வந்த மற்றோர் ஆய்வு இடைப்பட்ட ஒரு வழியைக் காட்டியது. 65 வயதைக் கடந்தவர்களுக்கு முப்பது தடவைக்குப் பதிலாகப் பதினைந்து தடவை, அதாவது மூன்று வாரக் கதிர்வீச்சு, கூடவே மாத்திரை. மாத்திரை சேர்ந்தபோது இடைநிலை ஆயுள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமானது, மெத்திலேற்றம் உள்ளவர்களுக்கோ 7.7 மாதத்திலிருந்து 13.5 மாதம் வரை சென்றது. ஆக, ஓரளவு தெம்புள்ள முதியவருக்கு மூன்று வாரமும் மாத்திரையும். தெம்பில்லாத, மெத்திலேற்றம் உள்ள முதியவருக்கு வீட்டிலிருந்தபடியே மாத்திரை. தெம்பில்லாத, மெத்திலேற்றமும் இல்லாத முதியவருக்குக் குறுகிய கதிர்வீச்சு மட்டும், அல்லது வலியும் வீக்கமும் தணிக்கும் பராமரிப்பு மட்டும் என்று மருத்துவரோடு பேசக்கூடிய மூன்று வழிகள் திறக்கின்றன. ஆறு வாரமா, மூன்று வாரமா, வீட்டிலேயேயா என்று தீர்மானிக்க உதவும் ஒரு சோதனைக்குப் பணம் கட்டுவதில் எனக்குத் தயக்கமில்லை. குடும்பத்தில் ஒரே ஒரு சோதனைக்குத்தான் பணம் இருக்கிறது, நோயாளி 65 வயதைக் கடந்தவர் என்றால், அந்தப் பணம் இதற்கே போக வேண்டும்.

எந்த முறையில் சோதிக்கிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும். புரதத்தைச் சாயமேற்றிப் பார்க்கும் மலிவான முறை இதற்கு நம்பகமானதல்ல. டிஎன்ஏவைப் பெருக்கிப் பார்க்கும் பிசிஆர் முறையோ, மெத்திலேற்றத்தை விழுக்காட்டில் தரும் பைரோசீக்குவென்சிங் முறையோதான் பயனுள்ளது. விழுக்காடு, இரண்டையும் பிரிக்கும் எல்லையான வெட்டுப்புள்ளிக்கு அருகில் விழுந்தால் உண்டு, இல்லை என்று அடித்துச் சொல்ல முடியாது; ஆகவே அறிக்கையில் எண்ணையும் எழுதித் தரச் சொல்வது நல்லது. அனுப்பிய துண்டில் இறந்துபோன திசுவே அதிகமாக இருந்தால் எந்த முறையும் தவறான விடை தரலாம்.

மூன்றாம் தேர்வு பெரிய மரபணுத் தொகுப்புச் சோதனை. நூற்றுக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் படித்து, வண்ணப் படங்களோடு பல பக்க அறிக்கை தருவார்கள். அந்தப் பக்கங்களில் பெரும்பாலானவை சராசரி கிளியோபிளாஸ்டோமா நோயாளிக்கு எதையும் மாற்றுவதில்லை. ஏறக்குறைய நாற்பது விழுக்காட்டுக் கட்டிகளில் இஜிஎஃப்ஆர் மரபணு பெருகியிருக்கும். நுரையீரல் புற்றுநோயில் இஜிஎஃப்ஆர் மாற்றத்துக்குப் பயன்படும் மாத்திரைகள் இங்கே பலன் தரவில்லை. அதன் ஒரு திரிபைக் குறிவைத்த ரின்டோபெபிமட் தடுப்பூசியும் மூன்றாம் கட்ட ஆய்வில் தோற்றது. டெர்ட் மரபணுவின் தொடக்கப் பகுதி மாற்றம் பெரும்பான்மையான கிளியோபிளாஸ்டோமாக்களில் இருப்பதே. அறிக்கையின் இறுதியில் வெளிநாட்டு மருந்து ஆய்வுகளின் பட்டியல் ஒன்றும் இருக்கும்; சுங்கை சிப்புட்டிலிருந்து பாஸ்டனுக்கு மாதந்தோறும் போய்வரக்கூடிய குடும்பத்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஆனால் இதை முற்றிலும் ஒதுக்கவும் கூடாது. நுண்ணோக்கியில் இரண்டாம், மூன்றாம் தரக் கட்டியாகத் தெரிகிறது, ஐடிஎச் மாற்றமோ இல்லை என்னும் நிலையில், டெர்ட் மாற்றம், இஜிஎஃப்ஆர் பெருக்கம், ஏழாம் குரோமோசோம் கூடிப் பத்தாம் குரோமோசோம் குறைந்திருத்தல் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தாலே அது கிளியோபிளாஸ்டோமா என்று 2021 வகைப்பாடு சொல்கிறது. சாதுவாகத் தெரியும் கட்டியைக் காத்திருந்து பார்க்கலாம் என்ற முடிவையே அது புரட்டிப் போடும். ஐடிஎச் மாற்றம் உள்ள ஆஸ்ட்ரோசைட்டோமாவில் சிடிகேஎன்2ஏ/பி மரபணுவின் இரண்டு பிரதிகளும் அழிந்திருந்தால், வடிவம் எவ்வளவு சாதுவாக இருந்தாலும் அது நான்காம் தரம். ஐடிஎச் மாற்றத்தோடு 1பி, 19க்யூ என்ற இரண்டு குரோமோசோம் கைகளும் இழக்கப்பட்டிருந்தால் அது ஓலிகோடென்ட்ரோகிளியோமா. அங்கே ஆயுளை ஆண்டுக் கணக்கில் பேசலாம், மாதக் கணக்கில் அல்ல. இளம் வயதினரில் பிராஃப் வி600இ மாற்றம் கிடைத்தால், டப்ராஃபெனிப், டிராமெட்டினிப் என்ற மருந்து இணைக்கு 2022 முதல் அமெரிக்காவில் ஒப்புதல் உண்டு.

எனவே இந்தச் சோதனைக்குரியவர்கள் இளையவர்கள், அல்லது நுண்ணோக்கி ஒன்றும் ஸ்கேன் மற்றொன்றும் சொல்லும் நோயாளிகள். ஐயம் கட்டியின் வகையைப் பற்றியது என்றால், மரபணுத் தொகுப்பைவிட, எம்ஜிஎம்டி மட்டுமின்றிக் கட்டியின் டிஎன்ஏ முழுவதிலும் மெத்தில் ஒட்டுகள் எங்கே இருக்கின்றன என்று காட்டும் டிஎன்ஏ மெத்திலேற்ற வரைபடம் நேரடியான விடை தரும். அந்த வரைபடத்தைப் பார்த்துக் கட்டியின் வகையைச் சொல்ல, ஜெர்மனியின் ஹைடல்பெர்க் குழு 2018-இல் வெளியிட்ட கணினி வகைப்படுத்தி, அவர்கள் பார்த்த நோயாளிகளில் ஏறக்குறைய 12 விழுக்காட்டினரின் நோய்ப்பெயரையே மாற்றியது. கட்டி மூளைத்தண்டிலோ தலாமஸிலோ நடுக்கோட்டில் இருந்தால், பெரிய சோதனைக்கு முன்பு, நடுக்கோட்டுக் கட்டிகளில் காணப்படும் எச்3 கே27 என்ற மாற்றத்தைத் தேடும் சாயமேற்றலைக் கேட்க வேண்டும். செலவு குறைவு, விடையும் பெரும்பாலும் அதிலேயே கிடைத்துவிடும்.

இரத்தத்தில் கட்டியின் டிஎன்ஏவைத் தேடும் சோதனையைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பு, கட்டியின் டிஎன்ஏ வெளியே கசிவதையும் பெரும்பாலும் தடுக்கிறது. 2014-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றில் கிளியோமா நோயாளிகளில் பத்தில் ஒருவருக்கும் குறைவானவர்களிடமே இரத்தத்தில் அது அகப்பட்டது. தண்டுவட நீரில் தேடினால் வாய்ப்புக் கூடும், ஆனால் அது முதுகில் ஊசி போட்டு எடுக்கும் வேறு சோதனை. அறுவைச் சிகிச்சையே செய்து திசு கையில் இருக்கும்போது, இரத்தச் சோதனைக்கு ஒரு வெள்ளியும் செலவிட வேண்டாம்.

திசு கையில் இருக்கிறது என்று எழுதும்போது மெழுகுக் கட்டியைத்தான் குறிப்பிடுகிறேன். அறுவையில் எடுத்த துண்டை ஆய்வகம் மெழுகில் பதித்துப் பாதுகாக்கிறது. எந்தச் சோதனையும் அதிலிருந்து சீவிய மெல்லிய ஏடுகளில்தான் நடக்கிறது. ஊசியால் எடுத்த சிறு துண்டாக இருந்தால் ஏடுகள் விரைவில் தீர்ந்துவிடும். அதனால் வரிசை முக்கியம்: முதலில் சாயமேற்றல்கள், அடுத்து எம்ஜிஎம்டி, மிச்சம் இருந்தால் மற்றவை. பெரிய சோதனையை இன்று விட்டுவிட்டால் என்றைக்கும் இழந்துவிட்டோம் என்று பொருளில்லை. மெழுகில் இருக்கும் திசுவைப் பின்னால் தேவைப்படும்போதும் அனுப்பலாம். இதைத் தெரிந்துகொண்டாலே பல குடும்பங்களின் பதற்றம் பாதி குறைகிறது. ஊழியர் சேமநிதியிலிருந்து கடுமையான நோய்ச் சிகிச்சைக்குப் பணம் எடுக்கும் வழியைப் பயன்படுத்துகிறவர்கள், அந்தத் தொகையை முதல் மாதத்திலேயே ஆய்வகத்துக்குக் கட்டித் தீர்த்துவிடாமல், கதிர்வீச்சுக் காலப் பயணத்துக்கும் பராமரிப்புக்கும் ஒதுக்கி வைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.

காலத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். கதிர்வீச்சு பொதுவாக அறுவைக்குப் பிறகு மூன்று முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்க வேண்டியது. தெம்புள்ள நடுவயதினர் எம்ஜிஎம்டி முடிவுக்காக அதைத் தள்ளிப்போடக் கூடாது. முடிவு வந்தாலும் வராவிட்டாலும் அவர்களுக்குத் தொடக்கம் ஒன்றுதான். தளர்ந்த முதியவருக்கு மட்டும், முடிவு வரும்வரை சில நாள் பொறுப்பது பொருளுள்ள காத்திருப்பு.

நடுவயதினருக்கும் அந்த அறிக்கை பின்னால் ஓரிடத்தில் உதவும். கதிர்வீச்சு முடிந்த முதல் மூன்று மாதத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் கட்டி பெருத்ததுபோலத் தெரியலாம். அது நோய் முற்றியதாகவும் இருக்கலாம், சிகிச்சையால் ஏற்பட்ட வீக்கமாகவும் இருக்கலாம். இந்தப் பொய்த் தோற்றம் மெத்திலேற்றம் உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுகிறது என்று 2008-இலேயே இத்தாலிய மருத்துவர்கள் எழுதினார்கள். மெத்திலேற்றம் உண்டு என்ற முடிவு கோப்பில் இருந்தால், மாத்திரையை அவசரமாக நிறுத்தாமல் சில வாரம் கழித்து மறு ஸ்கேன் எடுத்துப் பார்க்க மருத்துவருக்கு அது ஒரு காரணமாகும். ஸ்கேன் ஒரு மருத்துவமனையிலும் திசு அறிக்கை மற்றொரு மருத்துவமனையிலும் இருப்பது எங்கள் ஊர் நோயாளிகளுக்கு வழக்கமான நிலை என்பதால், எம்ஜிஎம்டி முடிவின் நகலை ஒவ்வொரு சந்திப்புக்கும் குடும்பத்தினரே எடுத்துச் செல்ல வேண்டும்.